வீடு எங்களுடையது, மண்ணையும் நாங்களே வாங்க முடியுமா?

கேள்வி: இங்கிலாந்தின் தெற்குக் கரையோரம் 38 வீடுகள் கொண்ட பார்க் ஹோம் (வாடகை மண்ணில் நிற்கும், இடம் மாற்றக்கூடிய வீடு) குடியிருப்பில் நானும் மனைவியும் ஒன்பது ஆண்டுகளாக இருக்கிறோம். ஓய்வு பெற்றதும் லண்டன் வீட்டை விற்று இதை வாங்கினோம். வீடு எங்களுடையது, அது நிற்கும் மண் தள உரிமையாளருடையது. அவர் முதியவர். ஒரு பெரிய நிறுவனத்துக்குத் தளத்தை விற்கப்போகிறார் என்று பேச்சு அடிபடுகிறது. குடியிருப்பவர்கள் கூடி நாங்களே வாங்கிவிடலாம் என்று நினைக்கிறோம். சட்டப்படி எங்களுக்கு முதல் உரிமை உண்டா? வேறு யாராவது வாங்கினால் எங்களை வெளியேற்றிவிடுவார்களா?

பதில்: ஐயா, உங்கள் இரண்டாவது கேள்விக்கே முதலில் பதில் சொல்கிறேன். உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது அதுதான் என்று கடிதத்திலிருந்து தெரிகிறது. யார் வாங்கினாலும் உங்களை வெளியேற்ற முடியாது. 1983ஆம் ஆண்டின் மொபைல் ஹோம்ஸ் சட்டத்தின் 3ஆம் பிரிவுப்படி, உங்களோடு போட்ட ஒப்பந்தம் அடுத்து வரும் உரிமையாளரையும் கட்டுப்படுத்தும். ஒப்பந்தத்தை முறிக்க அவர் நீதிமன்றம் போக வேண்டும். அங்கும் சட்டம் சொல்லும் காரணங்களில் ஒன்றைக் காட்ட வேண்டும். தளத்தை வாங்கியது அவற்றில் ஒன்றல்ல. வீடு நிற்கும் மண்ணுக்கு நீங்கள் கட்டும் பிட்ச் கட்டணத்தையும் அவர் இஷ்டம்போல் ஏற்ற முடியாது. ஆண்டுக்கு ஒருமுறைதான் மறுபரிசீலனை. 2023 ஜூலை முதல் அதற்கான அளவுகோல் நுகர்வோர் விலைக் குறியீடு. அதற்கு மேல் கேட்டால் நீங்கள் சம்மதிக்கத் தேவையில்லை. அவர் சொத்துத் தீர்ப்பாயத்துக்குப் போய்க் காரணம் காட்டட்டும். பயந்துபோன அண்டை வீட்டாருக்கு இதை இன்றே சொல்லுங்கள்.

முதல் கேள்விக்கான பதில் கசப்பானது. இங்கிலாந்தில் பார்க் ஹோம்வாசிகளுக்குத் தங்கள் தளத்தை முதலில் வாங்கும் சட்ட உரிமை இல்லை. அடுக்குமாடி வாசிகளுக்கு 1987ஆம் ஆண்டுச் சட்டம் தரும் முதல் மறுப்புரிமை, அதாவது வெளியாளுக்கு விற்கும்முன் குடியிருப்பவர்களிடம் முதலில் கேட்க வேண்டும் என்ற உரிமை, ஃப்ளாட்டுகளுக்கு மட்டும்தான். 2011ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டப்படி ‘சமூக மதிப்புள்ள சொத்து’ என்று பதிவு செய்து, விற்பனையைச் சில மாதங்கள் தள்ளிப்போடலாமே என்று யாராவது யோசனை சொல்லியிருக்கலாம். ஊர் மதுக்கடைக்குப் பொருந்தும் அந்த வழியும் உங்களுக்கு மூடியிருக்கிறது. சட்டத்தின் கண்ணில் உங்கள் தளமும் ஒரு கேரவன் தளமே; உரிமம் தேவைப்படும் கேரவன் தளங்களை 2012ஆம் ஆண்டு விதிகள் வெளிப்படையாகவே விலக்கிவைத்துள்ளன. இதை அநியாயம் என்றே நான் கருதுகிறேன். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் இத்தகைய குடியிருப்பை விற்பதானால், குடியிருப்பவர்களுக்கு 60 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். அங்கே மெரிடித் என்ற ஊரில் 1984லேயே குடியிருப்பவர்கள் கூட்டுறவாகச் சேர்ந்து தங்கள் மண்ணை வாங்கிவிட்டார்கள். ஆக, இது நடக்காத காரியமில்லை. இங்கே அதை உரிமையாகக் கேட்டுப் பெற முடியாது, பேசித்தான் பெற வேண்டும், அவ்வளவே வித்தியாசம்.

எனவே, வெளியாள் கையெழுத்துப் போடும்முன் நீங்கள் உரிமையாளரிடம் பேசியிருக்க வேண்டும். அவரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: ‘விற்பதானால் முதலில் எங்களுக்குச் சொல்லுங்கள்’ என்ற முன்னுரிமைப் பத்திரம். வாய்வார்த்தையை நம்பாதீர்கள். நிலம் சம்பந்தப்பட்ட ஒப்பந்தம் எழுத்தில் இருந்து, இரு தரப்பும் கையொப்பமிட்டால்தான் செல்லும். பதிவு செய்யப்பட்ட நிலமானால், பத்திரம் கைக்கு வந்ததுமே நிலப் பதிவேட்டில் அதைக் குறிப்பாக ஏற்றிவிடுங்கள்; பிறகு வாங்குபவர் ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்ல முடியாது. ஒரு பொறி இருக்கிறது. தளம் அவருடைய கம்பெனியின் பெயரில் இருந்தால், நிலத்தை விற்காமல் கம்பெனியின் பங்குகளையே விற்றுவிடலாம். அப்போது நிலம் கைமாறியதாகவே ஆகாது, உங்கள் பத்திரமும் உயிர்பெறாது. பங்கு விற்பனையும் அதில் அடங்கும் என்று எழுதியே ஆக வேண்டும். நல்லெண்ணத்தோடு எழுதிய பத்திரங்கள் இந்த ஓட்டையில்தான் ஒழுகிப்போகும்.

பத்திரத்தில் கையெழுத்திட உங்கள் தரப்பில் ஆள் யார்? குடியிருப்போர் சங்கத்துக்கு நிலத்தைத் தன் பெயரில் வைத்துக்கொள்ளும் சட்ட உருவம் கிடையாது. ஆனால் சங்கம் முதலில் வேண்டும். குறைந்தது பாதி வீடுகள், அதாவது 19 வீடுகள் சேர்ந்து, வீட்டுக்கு ஒருவர் என்று கணக்கிட்டு, தலைவர், செயலாளர், பொருளாளரைத் தேர்ந்தெடுங்கள். உரிமையாளரோ அவருடைய ஊழியரோ அதில் இருக்கக் கூடாது. அவர் எழுத்தில் ஒப்புக்கொண்டால், அல்லது தீர்ப்பாயம் ஆணையிட்டால், அது தகுதிபெற்ற சங்கம். தள நிர்வாகத்தில் உங்களைப் பாதிக்கும் விஷயங்களில் அவர் அதனிடம் கலந்தாலோசிக்கக் கடமைப்பட்டவர். அடுத்ததாக, வாங்குவதற்கென்று ஒரு கூட்டுறவுச் சங்கத்தை 2014ஆம் ஆண்டின் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் கீழ் பதிவு செய்யலாம். நான் கம்பெனியைவிட இதையே பரிந்துரைப்பேன். அதிகப் பணம் போட்டவருக்கும் குறைவாகப் போட்டவருக்கும் ஒரே ஓட்டு. முதியோர் நிறைந்த குடியிருப்பில் இந்தச் சமத்துவம் பின்னால் பல சண்டைகளைத் தவிர்க்கும். சேர விரும்பாதவரை வற்புறுத்தாதீர்கள். அவருடைய ஒப்பந்தம் அப்படியே தொடரும். நீங்கள் அவருக்கு உரிமையாளர் ஆவீர்கள், அவ்வளவுதான்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக: தளத்தின் விலை பிட்ச் கட்டண வருமானத்தையும், வீடு கைமாறும்போது உரிமையாளர் எடுக்கும் 10 சதவீதம் வரையிலான கமிஷனையும் வைத்தே கணக்கிடப்படும். உங்கள் கூட்டுறவு அந்தக் கமிஷனைக் கைவிட்டால், கடன் கொடுப்பவர் வருமானத்தைக் குறைத்தே மதிப்பிடுவார். இதை முதலிலேயே வாக்கெடுத்து முடிவு செய்யுங்கள். நிலத்தோடு கழிவுநீர்க் குழாய், மின்கம்பி, உட்சாலை, மரங்கள் எல்லாம் உங்கள் தலையில் வந்து விழும். சர்வேயர் அறிக்கை இல்லாமல் விலை பேசாதீர்கள். அந்த மண்ணில் வீடுகளை வைத்திருக்க உள்ளாட்சி தந்த திட்ட அனுமதி நிரந்தரமானதா என்பதும் தெரிய வேண்டும். வாங்கிய பிறகு தள உரிமமும், ‘தகுதியும் நேர்மையும் உடைய நபர்’ என்ற உள்ளாட்சிச் சான்றும் உங்கள் தரப்பில் இருக்க வேண்டும். இந்தச் சான்று 2021 முதல் கட்டாயம்.

இந்த வாரம் இரண்டு வேலைகள். பார்க் ஹோம்வாசிகளுக்கு இலவசமாக ஆலோசனை சொல்லும் லீஸ்ஹோல்ட் அட்வைசரி சர்வீஸ் அமைப்போடு பேசுங்கள். நிலப் பதிவேட்டிலிருந்து தளத்தின் உரிமை நகலைச் சிறு கட்டணம் செலுத்தி எடுங்கள். நிலம் அவர் பெயரில் இருக்கிறதா, கம்பெனி பெயரில் இருக்கிறதா என்று தெரிந்ததும் எனக்கு எழுதுங்கள். முன்னுரிமைப் பத்திரத்தின் வாசகம் அதைப் பொறுத்துத்தான் அமையும்.