மச்சில் கிடக்கும் போட்டோக்கள்: வாசகர் கேள்வி பதில்

பாட்டா, ஆச்சி காலத்துப் படங்கள் மச்சில் ஒரு தகரப் பெட்டியில் கிடந்தன. போன மழையில் திறந்து பார்த்தால் பாதி ஒன்றோடொன்று ஒட்டிப்போய், மேலே பூசணம். அம்மாவின் கல்யாண ஆல்பமோ, ஒட்டும் அட்டையில் படத்தை வைத்து மேலே பிளாஸ்டிக் தாளை இழுத்து மூடுகிற ரகம், அட்டை பழுப்பேறிவிட்டது. நல்ல ஆல்பம் ஒன்று வாங்கி மாற்றிவிடட்டுமா? (வாசகி, தக்கலை)

ஆல்பம் அப்புறம். முதலில் இடத்தை மாற்றுங்கள். ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை என்று இரண்டும் வாய்க்கிற மாவட்டம் நம் கன்னியாகுமரி, காற்றில் ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் நீடித்தாலே பூசணத்துக்குப் போதும், ஓட்டுக்குக் கீழே மச்சில் என்றால் பகல் சூடும் சேர்ந்துகொள்கிறது. படுக்கையறை பீரோவின் நடுத்தட்டே நல்ல இடம். பீரோ மட்டும் சாரல் அடிக்கிற வெளிச்சுவரோடு ஒட்டி நிற்கக் கூடாது, பின்னால் கை நுழைகிற அளவு இடம் விடுங்கள். அந்துருண்டை வேண்டாம், அந்த ஆவி படத்துக்கும் ஆகாது, உங்களுக்கும் ஆகாது.

ஒட்டிப்போன படங்களைத் தயவுசெய்து இழுக்காதீர்கள். படத்தின் மேல்பூச்சு ஜெலட்டின், ஈரம் பட்டால் ஊறிப் பசையாகிவிடும், இழுத்தால் மாமியின் முகம் பெரியப்பாவின் வேட்டியில் போய் ஒட்டிக்கொள்ளும். அந்தக் கட்டை அப்படியே தனியாக எடுத்து வையுங்கள், அது பழுதுபார்க்கத் தெரிந்தவர் கைக்குப் போக வேண்டியது. பூசணம் பிடித்த உதிரிப் படங்களை நிழலில் நன்றாக உலரவிட்டு, வாசலுக்குக் கொண்டுபோய், முகக்கவசம் போட்டுக்கொண்டு மெல்லிய பிரஷால் தட்டிவிடுங்கள். ஈரத்துணியால் துடைத்தால் பூசணத்தோடு படமும் வந்துவிடும்.

கல்யாண ஆல்பத்தில் கை வைப்பதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், செல்போனில் படம் எடுத்துவிடுங்கள், யார் பக்கத்தில் யார் என்ற வரிசையும் அதில் தங்கிவிடும். அப்புறம் பல் இடுக்கில் விடுகிற ஃப்ளாஸ் நூலைப் படத்தின் ஒரு மூலைக்கு அடியில் கொடுத்து, இப்படியும் அப்படியுமாக மெதுவாக அறுத்துக்கொண்டே போங்கள். வந்தால் சரி, வராத படத்தை அட்டையோடு விட்டுவிடலாம், படம் வளைந்தால் மேல்பூச்சு வெடித்துவிடும்.

எடுத்த படங்களை அமிலம் இல்லாத காகித உறையில் போடுவது நல்லது. பிளாஸ்டிக் உறைதான் வேண்டுமென்றால் பாலிப்ரொப்பிலீன் என்று கேட்டு வாங்குங்கள், வாசனை வீசுகிற பிவிசி கூடாது. சிலிக்கா ஜெல் பொட்டலம் போடலாம், ஆனால் காற்றுப் புகாத டப்பாவில்தான் அதற்கு வேலை, பீரோ தட்டில் சும்மா போட்டால் வீட்டின் ஈரத்தையெல்லாம் அது குடித்துத் தீர்க்காது! டப்பாவில் அடைக்கும் வேலையை மழை நாளில் செய்யாதீர்கள், படத்தில் இருக்கிற ஈரத்தையும் சேர்த்து அடைத்ததாகிவிடும். பிப்ரவரி, மார்ச்சில் வெயில் காய்கிறபோது வைத்துக்கொள்ளுங்கள்.

கன்னியாகுமரிக் கடற்கரையில் எடுத்த குடும்பப் படங்கள் நிறைய இருக்கின்றன, ஒன்றிலும் தேதி இல்லை. எப்படி வரிசைப்படுத்துவது? (வாசகர், குளச்சல்)

நம் ஊர்க்காரர்களுக்கு இந்த விஷயத்தில் யோகம்தான், ஆளை விட்டுவிட்டுப் பின்னால் கடலைப் பாருங்கள். விவேகானந்தர் மண்டபம் திறந்தது 1970இல். பாறை தெரிந்து மண்டபம் இல்லையென்றால் அதற்கு முந்திய படம். மண்டபம் இருந்து பக்கத்துப் பாறையில் வள்ளுவர் இல்லையென்றால் 2000க்கு முன்னால், ஏனென்றால் சிலை திறந்தது அந்த ஆண்டு ஜனவரி 1ஆம் தேதி. சிலை அரைகுறையாக நின்றால் 90கள். இரண்டுக்கும் நடுவே கண்ணாடிப் பாலம் தெரிந்தால் 2024 கடைசிக்குப் பிறகு, அது எப்படியும் உங்கள் செல்போனிலேயே இருக்கும். படத்தின் பின்பக்கம் ஸ்டூடியோ முத்திரை இருந்தால் அதையும் பாருங்கள், திருவிதாங்கூர் என்றிருந்தால் நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்த 1956 நவம்பருக்கு முந்தியதாக இருக்கலாம், பழைய ரப்பர் ஸ்டாம்பைத் தேயும்வரை குத்திக்கொண்டிருந்த ஸ்டூடியோக்காரரும் இருந்திருக்கலாம் என்பதால் அதை மட்டும் நம்ப வேண்டாம்.

ஆட்களின் பெயரைக் கண்டுபிடிக்க இப்படி வழியில்லை. வீட்டில் மூத்தவர் ஒருவரை உட்கார்த்திக் கேட்டு, பழைய கறுப்பு வெள்ளைப் படமானால் பின்னால் மெல்லிய பென்சிலால் ஓரத்தில் எழுதுங்கள். பிந்திய கலர் படங்களின் வழுவழுப்பான பின்பக்கத்தில் பென்சில் சரியாகப் பிடிக்காது, பால்பாயின்ட் பேனாவால் அழுத்தினால் தடம் முன்பக்கம் தெரியும். அவற்றுக்கு உறையின் மேல் எழுதிவிட்டு அப்புறம் படத்தை உள்ளே போடுங்கள்.

பாட்டாவின் ஒரே படம். லேமினேட் செய்தால் காலத்துக்கும் இருக்குமாமே? (வாசகர், நாகர்கோவில்)

செய்யாதீர்கள். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு உரிக்கவே முடியாது. 600 டிபிஐயில் (அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்து பிரிண்ட் போட்டு, அந்தப் பிரிண்டை லேமினேட் செய்து சுவரில் மாட்டுங்கள். அசல் பீரோவுக்குள் இருக்கட்டும்.