தியேட்டர் வசூலைக் கணக்கெழுதும் மகளை எங்கே சேர்ப்பது?

மார்த்தாண்டத்துக்கு அருகிலிருந்து வந்த ஒரு தாயின் கவலை இது. கணிதப் பிரிவில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மகள் நாள்தோறும் திரைப்பட வசூலையும் விமர்சன மதிப்பெண்களையும் நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறாள். தந்தை வளைகுடாவில் வேலை பார்க்கிறார். பெரியப்பாவோ, ஒரு தனியார் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில் ‘ஏஐ அண்ட் டேட்டா சயின்ஸ்’ (செயற்கை நுண்ணறிவும் தரவு அறிவியலும்) பொறியியல் படிப்பில் இடம் இருக்கிறது, ரப்பர் விளையில் (தோட்டத்தில்) ஒரு பகுதியை விற்றாவது சேர்த்துவிடுங்கள், பின்னால் வரன் பார்க்கும்போதும் அதுதான் எடுபடும் என்கிறார்.

அம்மா, உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஆறுதல் சொல்லி அனுப்பிவைப்பது என் வேலையன்று. அந்த இடத்தை வாங்காதீர்கள்.

மகளின் நோட்டை நிதானமாகப் புரட்டிப் பார்த்தேன். கிராஸ், நெட், ஷேர் மூன்றையும் அவள் தனித்தனிக் கட்டங்களில் எழுதுகிறாள். டிக்கெட் விற்ற மொத்தத் தொகை, வரி போனபின் நிற்பது, திரையரங்கின் பங்கு போக விநியோகஸ்தர் கைக்கு வருவது ஆகிய மூன்றும் வேறு வேறு என்பது, சுவரொட்டியில் அச்சான கோடிகளைப் பார்த்துச் சண்டையிடும் ரசிகர்களுக்கே பெரும்பாலும் தெரியாது. முன்பதிவுச் செயலியில் நிறைந்த இருக்கைகளை எண்ணி, முதல் வெள்ளிக்கும் அடுத்த திங்களுக்கும் இடையே கூட்டம் எவ்வளவு சரிந்தது என்று கணக்கிடுகிறாள். ஓணத்தன்று மட்டும் ஓரத்தில் ‘லோக்கல் லீவு’ என்று குறித்து, நாகர்கோவிலைத் திருநெல்வேலியோடு ஒப்பிடும்போது அந்த நாளைத் தள்ளிவைத்திருக்கிறாள். இங்கே விடுமுறை, அங்கே வேலைநாள். அதனால் ஒப்பிட்டால் பிழை வரும் என்று அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

விமர்சன மதிப்பெண்ணிலும் அதே கண்தான். விமர்சனங்களைத் திரட்டும் ராட்டன் டொமேட்டோஸ் இணையதளம் காட்டும் சதவீதம், படத்துக்குக் கிடைத்த சராசரி மதிப்பெண் அன்று. எத்தனை விமர்சகர்கள் படம் பரவாயில்லை என்றாவது சொன்னார்கள் என்பதன் விகிதமே அது. ஆகவே எல்லோரும் பத்துக்கு ஆறு கொடுத்த சாதாரணப் படம்கூட அங்கே நூறு சதவீதம் வாங்கிவிட முடியும். 2023இல் வெளியான ‘தி சூப்பர் மரியோ பிரதர்ஸ் மூவி’ அங்கே 60 சதவீதத்தை ஒட்டியே தடுமாறியபோதும் உலகெங்கும் 130 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. முதல் நாள் அரங்கிலிருந்து வெளிவருவோரைக் கேட்டு மதிப்பெண் போடும் சினிமாஸ்கோர் முறையைப் பற்றிப் பேசியபோது, ‘முதல் நாளே வருகிறவர்கள் எப்படியும் ரசிகர்கள்தானே, சார்?’ என்று உங்கள் மகள் கேட்டாள். புள்ளியியல் வகுப்பில் மாதிரி எடுத்தல் என்ற பாடம் இந்தக் கேள்வியைத்தான் பிடித்துக்கொண்டு நடக்கிறது.

ஆகவே நான் சொல்லும் படிப்பு பி.எஸ்சி. புள்ளியியல். நம் மாவட்டத்தில் இதை யாரும் கேட்டு வருவதில்லை. கணிதம், இயற்பியல், பி.காம். என்று விண்ணப்பத்தை நிரப்பிவிட்டுப் போகிறார்கள். சென்னை மாநிலக் கல்லூரியில் இந்தத் துறை இருக்கிறது. அரசு கலைக் கல்லூரிகளுக்கான இணையச் சேர்க்கையில் விண்ணப்பிக்கலாம், கட்டணமும் சில ஆயிரங்களோடு முடியும். சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் லயோலாவிலும் படிப்பு நன்றாக இருக்கும்; செலவு கூடும். முதுகலைக்குத் திருநெல்வேலி அருகே அபிஷேகப்பட்டியில் மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகமும், எல்லைக்கு அப்பால் காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழகமும் எட்டும் தூரத்தில் உள்ளன. மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும்.

வேலை எங்கே என்பீர்கள். திரைப்பட வசூலைக் கணிப்பதற்கென்று மாதச் சம்பளம் தரும் இடங்கள் மிகக் குறைவு. அதை நம்பி அவளைச் சேர்க்க வேண்டாம். ஆனால் இதே திறமையை மருந்துச் சோதனை நிறுவனங்களும் காப்பீட்டு நிறுவனங்களும் வங்கிகளும் ஓடிடி தளங்களும் தேடுகின்றன. டிஎன்பிஎஸ்சி நடத்தும் உதவிப் புள்ளியியல் ஆய்வாளர் தேர்வும், யுபிஎஸ்சி நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வும் இருக்கின்றன. இடையில் பைத்தான், ஆர் என்ற கணினி மொழிகளையும் கற்றுக்கொண்டால், பெரியப்பா சொல்லும் அதே டேட்டா சயின்ஸ் வாசலுக்கு இன்னும் உறுதியான அடித்தளத்தோடு போய்ச் சேருவாள்.

பெரியப்பாவின் அக்கறையை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் விளையை விற்பதற்குப் பதில் கல்விக் கடன் வாங்கினாலும் படிக்கும் காலத்திலேயே வட்டி ஓடத் தொடங்கிவிடும் என்பதையும், விற்ற விளை திரும்பி வராது என்பதையும் அவரிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும். வரன் பேச்சைப் பதினேழு வயதுப் பெண்ணின் கல்லூரி விண்ணப்பத்துக்குள் கொண்டுவருவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவளைத் தனியே கேட்டபோது எலக்ட்ரானிக்ஸும் இன்ஜினியரிங் டிராயிங்கும் வேண்டாம் என்று தெளிவாகச் சொன்னாள். அதை அடம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

முன்பணம் கட்டிவிட்டிருந்தால் இந்த வாரமே எழுத்து மூலம் திரும்பக் கேளுங்கள். வகுப்பு தொடங்குமுன் விலகினால் அதிகபட்சம் 1,000 ரூபாய் மட்டும் பிடித்துக்கொண்டு மீதியைத் தந்துவிட வேண்டும் என்பதும், மூலச் சான்றிதழ்களைப் பிடித்துவைக்கக் கூடாது என்பதும் தொழில்நுட்பக் கல்லூரிகளை ஒழுங்குபடுத்தும் ஏஐசிடிஇ அமைப்பின் விதி. கடிதத்தின் நகலில் கல்லூரி முத்திரை வாங்கிக்கொள்ள மறக்காதீர்கள்.