சிவப்புக் கோட்டில் நிற்கும் சி டிரைவ்: கேள்வி பதில்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்த பிறகு, சேலம் ஐந்து ரோட்டில் என் பழுதுபார்க்கும் மேசைக்கு வருகிறவர்களில் பலர் "விண்டோஸ் 11 ஏற மறுக்கிறது, இடம் இல்லை என்கிறது" என்கிறார்கள். எழுதிக் கேட்டவர்களுக்கான பதில்கள் இவை.

ஏற்காட்டிலிருந்து, காபித் தோட்டக் கணக்கர்: ஐயா, 256 ஜிபி மடிக்கணினியில் 9 ஜிபிதான் காலியாக உள்ளது. எங்கிருந்து தொடங்குவது?

அழிப்பதற்கு முன் பாருங்கள். அமைப்புகளில் சிஸ்டம், அதற்குள் ஸ்டோரேஜ் என்று சென்றால் எது எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று வகைவாரியாகத் தெரியும். கணக்கர் என்பதால் ஒன்றைக் குறிப்பாகச் சொல்கிறேன்: சென்ற மாதம் என்னிடம் வந்த ஒரு கணினியில், கணக்கு மென்பொருள் நாள்தோறும் மாலையில் எடுத்த காப்புப்படிகள் மூன்றாண்டுகளாக ஒரே கோப்புறையில் குவிந்து கிடந்தன, உரிமையாளரோ பேரனின் பிறந்தநாள் படங்களை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தார். பழைய படிகளை வெளி டிஸ்க்குக்கு மாற்றி, அந்த டிஸ்க்கை வேறொரு கணினியில் செருகி, நான்கைந்து கோப்புகள் திறக்கின்றனவா என்று பார்த்த பிறகே இங்கே அழிக்க வேண்டும். அழித்தவை ரீசைக்கிள் பின்னில் அதே டிரைவில்தான் கிடக்கும் என்பதால், அதைக் காலி செய்யும் வரை ஓர் எம்பிகூடக் கிடைக்காது. அடுத்து, அதே ஸ்டோரேஜ் பக்கத்தில் தற்காலிகக் கோப்புகள் என்ற பட்டியல் இருக்கிறது. அதில் பழைய புதுப்பிப்புகளின் மிச்சங்களைத் தயங்காமல் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் டவுன்லோட்ஸ் என்ற வரியும் அங்கேயே இருக்கும். அதையும் சேர்த்து டிக் செய்துவிட்டு, வங்கி அறிக்கைகளைத் தேடி என்னிடம் வந்தவர்கள் உண்டு.

கோப்புகளை டி டிரைவுக்கு நகர்த்தினால் சி-யில் இடம் கிடைக்கும், ஆனால் பெரும்பாலும் இரண்டும் ஒரே டிஸ்க்கின் இரு பகுதிகள். ஆகவே அது காப்புப்படி ஆகாது. மழைக்காலத்தில் உங்கள் மலையில் மின்சாரம் போய்ப் போய் வரும் என்பதால், பேட்டரி தளர்ந்திருந்தால் யுபிஎஸ் இல்லாமல் மேம்படுத்தலைத் தொடங்க வேண்டாம்.

ஓமலூரிலிருந்து, மாணவர்: அண்ணா, 64 ஜிபி காலியாக இருந்தால்தான் விண்டோஸ் 11 ஏறுமா?

இல்லை தம்பி. 64 ஜிபி என்பது டிஸ்க்கின் மொத்தக் கொள்ளளவுக்கான குறைந்தபட்ச அளவு. காலியிடமாக 30 ஜிபி வைத்துக்கொள்ளச் சொல்வது என் வழக்கம்.

செவ்வாய்பேட்டையிலிருந்து, வெள்ளிக் கொலுசு வியாபாரி: பெட்டியில் 256 என்று இருந்தது, கணினி 238 என்கிறது. எங்கள் தொழிலில் பதினெட்டு கிராம் குறைந்தால் கடையை மூட வேண்டும். இது மோசடி இல்லையா?

எடை சரிதான், படிக்கற்கள்தான் இரண்டு. டிஸ்க் தயாரிப்பவர் ஒரு ஜிபியை நூறு கோடி பைட்டுகள் என்று எண்ணுகிறார். விண்டோஸோ 1024-ஐ 1024-ஆல் பெருக்கி, மீண்டும் 1024-ஆல் பெருக்கினால் வரும் 107,37,41,824 பைட்டுகளை ஒரு ஜிபி என்கிறது. 25,600 கோடி பைட்டுகளை அதனால் வகுத்தால் 238.4 வருகிறது. தோலா என்பது பழைய கணக்கில் 11.66 கிராம், கடைப் பேச்சில் பத்து கிராமையும் அப்படிச் சொல்கிறவர்கள் உண்டு என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

அஸ்தம்பட்டியிலிருந்து: கடைக்காரர்களுக்கு வக்காலத்து வாங்குகிறீர்கள். மீதி 18 ஜிபியில் விண்டோஸ் உட்கார்ந்திருக்கிறது என்பதே உண்மை.

அப்படியானால் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து, டிஸ்க் 0 என்ற பெட்டிக்குக் கீழுள்ள எண்ணைப் பாருங்கள். எதையும் நிறுவாத புதிய டிஸ்க்கிலும் 238.47 என்றே காட்டும். தொடக்கப் பகுதி, மீட்புப் பகுதி ஆகிய மறைந்த பகுதிகள் இருப்பது உண்மைதான். ஆனால் அவை இந்த 238-க்கு உள்ளே இருந்து பிடிப்பவை, வெளியே இருந்து அல்ல.

மீண்டும் செவ்வாய்பேட்டை: இரண்டு படிக்கல் என்றால் இரண்டு பெயர் வைக்க வேண்டாமா?

நியாயமான கேள்வி. 1998-இலேயே பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம் 1024 கணக்குக்கு கிபிபைட் என்று தனிப்பெயர் வைத்துவிட்டது. ஆப்பிள் 2009-இல் தன் மேக் கணினிகளை ஆயிரத்தின் கணக்குக்கே மாற்றிக்கொண்டது. விண்டோஸ் மட்டும் 1024-ஆல் வகுத்துவிட்டு ஜிபி என்றே எழுதுகிறது. உங்கள் கோபத்தைக் கடைக்காரர்மேல் காட்ட வேண்டாம்.

எடப்பாடியிலிருந்து: சி டிரைவ் சிவப்பாகிவிட்டது, என்ன செய்வது?

முதல் பதிலை வாசிக்கவும்.

ஆத்தூரிலிருந்து: விண்டோஸ் கோப்புறைக்குள் வின்எஸ்எக்ஸ்எஸ் என்று ஒன்று பல ஜிபி காட்டுகிறது. அழிக்கலாமா?

கூடாது. விண்டோஸ் தன் உறுப்புக் கோப்புகளை வைத்திருக்கும் கிடங்கு அது. அதிலுள்ள பல கோப்புகளுக்கு விண்டோஸின் மற்ற இடங்களிலும் ஒரு பெயர்ப்பலகை உண்டு; பலகை இரண்டு, கோப்பு ஒன்றுதான். ஒரே கோப்பு இருமுறை எண்ணப்படுவதால் அது காட்டும் அளவு உண்மையைவிடப் பெரிது. விண்டோஸ் கோப்புறைக்குள் கையை வைத்து எதையும் அழிக்கக் கூடாது.

மேட்டூரிலிருந்து: ஹைபர்நேட் கோப்பை நீக்கலாமா?

திறந்திருக்கும் வேலையை டிஸ்க்கில் எழுதிவைத்துவிட்டுக் கணினி அணைவதே ஹைபர்நேட். அதன் கோப்பை நீக்கலாம், ஆனால் தேடி அழிக்காமல் ஹைபர்நேட் வசதியையே நிறுத்த வேண்டும். அந்தக் கோப்பு வழக்கமாக ரேம் அளவில் ஐந்தில் இரண்டு பங்கு இருக்கும்; 8 ஜிபி ரேம் என்றால் மூன்று ஜிபிக்குச் சற்றுக் கூடுதலாகக் கிடைக்கும். கணினி விரைவாகத் தொடங்கும் வசதியும் கூடவே போய்விடும். மேம்படுத்திய பின் திரும்ப இயக்கிக்கொள்ளலாம்.

அம்மாப்பேட்டையிலிருந்து: இலவச கிளீனர் செயலி ஏதாவது சொல்லுங்கள்.

வேண்டாம்.

வாழப்பாடியிலிருந்து: ஐயா, இடம் போதவில்லை, எங்கிருந்து தொடங்குவது? ஒன்டிரைவில் உள்ள படங்களை அழிக்கட்டுமா?

முதல் பாதிக்கு எடப்பாடிக்காரருக்குச் சொன்னதே பதில். இரண்டாம் பாதி ஆபத்தானது: ஒன்டிரைவ் என்பது மைக்ரோசாப்டின் இணையச் சேமிப்பிடம், கணினியில் ஒன்டிரைவ் கோப்புறைக்குள் அழித்தால் இணையத்திலும் அழியும். வலது சொடுக்கில் வரும் 'இடத்தை விடுவி' என்பதைத் தேர்ந்தெடுங்கள்; படம் இணையத்தில் இருக்கும், டிஸ்க்கில் இடம் மட்டும் திரும்பும்.

ஏற்காடு கணக்கர் மீண்டும்: ஐயா, ஏறிவிட்டது! விண்டோஸ்.ஓல்டு என்று 20 ஜிபிக்கு மேல் ஒரு கோப்புறை வந்திருக்கிறது. அழித்துவிடட்டுமா?

பொறுங்கள். பழைய விண்டோஸுக்குத் திரும்பும் வழி அதுதான். பத்து நாள்கள் மட்டுமே திறந்திருக்கும், பிறகு விண்டோஸ் தானே அதை நீக்கிவிடும். அதற்குள் கூலிப் பட்டியல் அச்சிடும் பழைய அச்சுப்பொறி ஓடுகிறதா, கணக்கு மென்பொருள் திறக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.