கடற்படைக் கப்பலின் ஸ்டியரிங் ஹைட்ராலிக் ஆயில் பால்போல் வெளுத்துவிட்டது. ஆயிலை மாற்றினால் போதுமா?

போதாது. வெளுத்ததற்குக் காரணம் காற்றா, தண்ணீரா என்று முதலில் பாருங்கள். கண்ணாடிக் குப்பியில் கொஞ்சம் பிடித்து வையுங்கள். காற்று என்றால் சிறிது நேரத்தில் அடியிலிருந்து தெளிந்துகொண்டே வரும்; பம்ப்பின் உறிஞ்சு குழாயில் இணைப்பு தளர்ந்திருக்கலாம், டேங்கில் மட்டம் குறைந்திருக்கலாம். கலங்கலாகவே நின்றால் பெரும்பாலும் தண்ணீர்தான். சந்தேகமிருந்தால் நன்கு சூடான தகட்டில் ஒரு சொட்டு விடுங்கள். சடசடவென்று பொரிந்தால் உறுதி.

கடல்நீரில் குளிரும் ஆயில் கூலர் இருந்தால் என் முதல் சந்தேகம் அதன் குழாய்கள் மேல்தான். அதை பிரஷர் டெஸ்ட் செய்யாமல் புது ஆயில் ஊற்றுவது வீண் செலவு. உப்புநீர் சும்மா விடாது. கன்ட்ரோல் வால்வுக்குள் நகர்ந்து ஆயிலின் பாதையை மாற்றும் ஸ்பூல் என்ற தண்டு துருவேறிச் சிக்கினால் சுக்கான் கேட்ட கோணத்தில் நிற்காது. வணிகக் கப்பல்களுக்கே சோலாஸ் (கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தம்) விதிப்படி முழு வேகத்தில் ஒரு பக்கம் 35 டிகிரியிலிருந்து மறுபக்கம் 30 டிகிரிக்கு 28 வினாடிக்குள் சுக்கான் திரும்பியாக வேண்டும்.

ஒன்று மட்டும்: ஒழுகலைத் தேடும்போது அழுத்தத்தில் இருக்கும் ஹோஸைக் கையால் தடவாதீர்கள். ஊசித்துளையில் பீறிடும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் புள்ளியளவு தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தேட ஒரு அட்டைத் துண்டு போதும்.