பிரம்ப்டனைக் கெடுத்தது யார்?

கேள்வி: என் மைத்துனர் 1999 இல், கனடாவில் ரொறன்ரோவுக்குப் பக்கத்திலுள்ள பிரம்ப்டனில் வீடு வாங்கியவர். கண்ட நாட்டுச் சனமெல்லாம் வந்து குவிந்து ஊரைக் கெடுத்துவிட்டது என்றும், ஆஸ்பத்திரிக்குப் போனால் நாள் முழுக்கக் காத்திருக்க வேண்டியிருக்கிறது என்றும் சலித்துக்கொண்டு, வீட்டை விற்றுவிட்டுப் பக்கத்து ஊரான கலெடனுக்குப் போகப் போகிறார். அவருடைய பேஸ்மென்டில் நான்கு வெளிநாட்டு மாணவர்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். பல இனத்தவரும் கலந்து வாழும் புறநகர் என்பதெல்லாம் வெறும் பேச்சுத்தானா?
- ஒரு வாசகர், பிரம்ப்டன்

பதில்: ஆஸ்பத்திரியில் காத்திருக்க வேண்டியிருக்கிறது என்று உங்கள் மைத்துனர் சொல்வது முற்றிலும் உண்மை. குற்றவாளியைப் பிடிப்பதில்தான் அவர் ஆள்மாறிப் பிடித்திருக்கிறார்.

அவர் வீடு வாங்கி இரண்டு ஆண்டுகள் கழித்து, 2001 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில், பிரம்ப்டனில் 325,428 பேர் இருந்தார்கள். 2021 இல் அந்தத் தொகை 656,480. இருபது ஆண்டுகளில் ஊர் இரண்டு மடங்காகியிருக்கிறது. இது யார் கண்ணிலும் படாமல் இரவோடிரவாக நடந்த காரியமன்று. வயல்களை வீட்டு மனைகளாக்குவதற்கு நகரசபை அனுமதி கொடுத்தது; கட்டப்பட்ட வீடுகளுக்கு அபிவிருத்திக் கட்டணம் வாங்கியது; குடியேறியவர்களிடம் ஆண்டுதோறும் வீட்டு வரி வாங்குகிறது. வரப்போகிறவர்களின் எண்ணிக்கை முன்கூட்டியே தெரிந்திருந்தும் அவர்களுக்கு வேண்டியதைக் கட்டாமல் விட்டவர்களைப் பற்றி உங்கள் மைத்துனர் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

அவர் குறைப்படும் ஆஸ்பத்திரியையே எடுத்துக்கொள்வோம். 2007 இல் பிரம்ப்டன் சிவிக் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டபோது பழைய பீல் மெமோரியல் ஆஸ்பத்திரி மூடப்பட்டது. ஊர் பெருகிக்கொண்டிருந்த காலத்தில் ஒன்று இரண்டாக வேண்டிய இடத்தில், ஒன்று போய் ஒன்று வந்தது. பழைய கட்டிடத்தை இடித்துவிட்டு அந்த இடத்தில் கட்டிய புதிய நிலையம் 2017 இல் திறக்கப்பட்டது என்றாலும், நோயாளியைத் தங்க வைத்துச் சிகிச்சை அளிக்கும் படுக்கைகள் அதில் இருக்கவில்லை. நோயாளிகள் நடைபாதையில் தள்ளுகட்டிலில் படுத்திருந்த காட்சி பத்திரிகைச் செய்தியாகி, கடைசியில் 2020 ஜனவரியில் நகரசபையே சுகாதார அவசரநிலையை அறிவித்தது. தள்ளுகட்டிலில் கிடந்தவர் பஞ்சாபியா, ஜமேய்க்கரா, நம்மவரா என்பதற்கும் படுக்கை இல்லாமற் போனதற்கும் என்ன தொடர்பு இருக்கிறது?

போக்குவரத்தின் கதை இதைவிட வேடிக்கையானது. பக்கத்து நகரான மிசிசாகாவிலிருந்து ஹுரொன்ராறியோ வீதி வழியாக வரும் இலகு ரயிலைப் பிரம்ப்டன் நகர மையம் வரை கொண்டுவர, கட்டுமானச் செலவை ஒன்ராறியோ மாகாண அரசே ஏற்பதாகச் சொல்லியிருந்தது. 2015 ஒக்ரோபரில், பழைமையான மெயின் வீதியின் அழகு கெட்டுவிடும் என்பது உள்ளிட்ட ஆட்சேபங்களைக் கேட்டபின், நகரசபை அதை 7க்கு 4 என்ற வாக்குக் கணக்கில் வேண்டாம் என்றது. அதனால் இந்தப் பாதை ஊருக்குள் தலையை மட்டும் நீட்டி, ஸ்டீல்ஸ் வீதியோடு நின்றுவிடுகிறது. வேண்டாம் என்று கையுயர்த்திய ஏழு பேரில் ஒருவரும் முதல் நாள் விமானத்தில் வந்திறங்கியவர் அல்லர்.

இனி அந்த நான்கு மாணவர்கள். 2019 இல் ஒன்ராறியோ அரசு உள்நாட்டு மாணவர்களின் கல்விக் கட்டணத்தைப் பத்து வீதம் குறைத்து, அந்த அளவிலேயே உறைய வைத்தது. அந்தப் பள்ளத்தைக் கல்லூரிகள் வெளிநாட்டு மாணவர்களின் பணத்தால் நிரப்பின. மத்திய அரசு தாராளமாக விசா கொடுத்துக்கொண்டிருந்துவிட்டு, 2024 ஜனவரியில்தான் விழித்துக்கொண்டு எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வைத்தது. இத்தனை மாணவர்கள் எங்கே படுப்பார்கள் என்று இவர்களில் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. விடை உங்கள் மைத்துனரின் வீட்டுப் பக்கவாட்டுக் கதவடியில் இருக்கிறது: உப்புக்கறை படிந்த மூன்று சோடி பனிச்சப்பாத்துகள்; விடிவதற்கு முன்பே பண்டகசாலை வேலைக்குப் புறப்பட்டுவிட்ட நான்காமவருடைய சோடி மட்டும் இல்லை. அரசு விசாக் கட்டணம் வாங்கியது, கல்லூரி படிப்புக் கட்டணம் வாங்கியது, மைத்துனர் வாடகை வாங்குகிறார். கூட்டம் கூடிவிட்டது என்ற பழியை மட்டும் மாணவன் வாங்கிக்கொள்ள வேண்டும். அதே 2024 இல் நகரசபை சில வட்டாரங்களில் வாடகை வீடுகளுக்கு லைசென்ஸ் முறையைக் கொண்டுவந்தபோது, கொடிபிடித்து எதிர்த்தவர்கள் வீட்டுக்காரர்களே. (மைத்துனரும் அந்தக் கூட்டத்தில் நின்றாரா என்று நான் கேட்கவில்லை, நீங்களும் கேட்க வேண்டாம், குடும்பத்தில் வீண் மனஸ்தாபம்.)

"கெட்டுவிட்டது" என்ற சொல்லும் அந்த ஊருக்குப் புதிதன்று. ஒரு காலத்தில் டேல் குடும்பத்தாரின் கண்ணாடி வீடுகளில் ரோஜா வளர்த்துப் பெயரெடுத்து, பூ நகரம் என்று அழைக்கப்பட்ட சிறிய ஊர் அது. 1958 இல் அதன் பக்கத்து விளைநிலத்தில் பிரமலீ என்ற புதுநகரைத் திட்டமிட்டு எழுப்பத் தொடங்கினார்கள். ஒரு பகுதியின் தெருப்பெயர்கள் எல்லாம் ஒரே ஆங்கில எழுத்தில் தொடங்க வேண்டும் என்பது வரையில் யோசித்திருந்தார்கள். அந்த அளவுக்கு நிதானமாகத் திட்டமிடத் தெரிந்த ஊர்தான் இது. பின்னர், 2001க்கும் 2011க்கும் இடையில், மொத்தக் குடித்தொகை வேகமாக ஏறிக்கொண்டிருந்தபோதே வெள்ளையர்களின் எண்ணிக்கை அங்கே குறைந்தது. அப்படிப் போனவர்களில் சிலர், உங்கள் மைத்துனர் போன்றவர்களைப் பார்த்துத்தான், அவர் இன்று சொல்வதையே சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள்.

கலந்து வாழ்வது வெறும் பேச்சா என்று கேட்டீர்கள். குடிசன மதிப்பீட்டுத் தாளில் கலந்திருப்பதும் வாழ்க்கையில் கலந்திருப்பதும் வேறு வேறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். 2021 கணக்கின்படி பிரம்ப்டன் மக்களில் பாதிக்குச் சற்று மேற்பட்டோர் தெற்காசியர். அந்த ஒற்றைச் சொல்லுக்குள் அடைபட்டிருக்கும் லூதியானாக்காரரும் யாழ்ப்பாணத்தவரும் கராச்சிக்காரரும் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்வருவது அபூர்வம். அதற்காக யாரையும் நான் குறை சொல்ல மாட்டேன். பன்னிரண்டு மணித்தியாலம் லொறி ஓட்டிவிட்டு வருகிறவர் அயலவரோடு உறவாடப் பொழுது தேட மாட்டார். அந்நியர்கள் பழகுவதற்குப் பொது இடம் வேண்டும்: நெரிசல் இல்லாத பள்ளிக்கூடம், நூலகம், நேரத்துக்கு வரும் பஸ், விளையாட்டுத் திடல். ஊர் வளர்ந்த வேகத்துக்கு இவை வளராதபோது மக்கள் சந்தித்துக்கொள்ளும் ஒரே இடம் வரிசை என்றாகிவிடுகிறது. வரிசையில் நிற்பவனுக்கு முன்னால் நிற்பவன் அயலவனாகத் தெரிவதில்லை. தன் இடத்தைப் பிடித்துக்கொண்டவனாகத் தெரிகிறான். உங்கள் மைத்துனரின் கோபம் அங்கே பிறந்தது. அது இனவெறுப்பு என்று நான் நினைக்கவில்லை; ஆனால் அப்படி மாறுவதற்கு அதிக நாள் எடுக்காது.

அவர் கலெடனுக்குப் போகட்டும், நல்ல ஊர்தான். 2021 இல் அங்கே 76,581 பேர் இருந்தார்கள். 2051 க்குள் அந்தத் தொகையை மூன்று இலட்சமாக்குவதற்கு, இரண்டு ஊர்களும் அடங்கிய பீல் பிராந்தியத்தின் திட்டத்தில் இடம் ஒதுக்கியாயிற்று. அங்கே ஆஸ்பத்திரி கிடையாது. ஓர் இரவில் நெஞ்சு வலித்தால், அவர் ஓரஞ்ச்விலுக்குப் போக வேண்டும், அல்லது பிரம்ப்டனுக்கே திரும்பி வந்து வரிசையில் நிற்க வேண்டும்.