பழைய ஹெட்டில் போர்ட்டிங் வேண்டுமா?

கேள்வி: அண்ணாச்சி, என்னுடையது 1996 மாருதி ஜென், கார்புரேட்டர் வண்டி. சூடேறி ஹெட் (என்ஜினின் மேல்பாகம்) விரிசல் விட்டதால் மதுரையில் பழைய ஹெட் ஒன்று வாங்கி வந்திருக்கிறேன். மாட்டுவதற்கு முன் போர்ட்டிங் செய்தால் இழுவை கூடும் என்கிறார்கள். தினமும் பாளையங்கோட்டையிலிருந்து அம்பாசமுத்திரம் போய்வருகிறேன். செய்யலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. அந்தப் பணத்தை அதே ஹெட்டில் வேறு வேலைக்குச் செலவிடுங்கள்.

போர்ட்டிங் என்பது ஹெட்டுக்குள் காற்று போய்வரும் பாதையான போர்ட்டைக் குடைவது. அதைப் பெரிதாக்கினால் காற்று கூடுதலாகப் போகும் என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பலன் என்ஜின் நிமிடத்துக்கு 5,000 சுற்றுக்கு மேல் ஓடும்போதுதான் தெரியும். சேரன்மகாதேவி வழியில் ஐந்தாவது கியரில் 70 கிலோமீட்டர் வேகத்தில் போனால் உங்கள் என்ஜின் 3,000 சுற்றைத் தாண்டாது. வண்ணார்பேட்டை நெரிசலில் அதுவும் கிடையாது. இந்தச் சுற்றில் போர்ட் அகலமாக இருந்தால் உள்ளே போகும் காற்று வேகம் இழந்துவிடும், பெட்ரோல் நன்றாகக் கலக்காமல் போர்ட் சுவரில் ஈரமாகப் படியும். சிக்னலில் வண்டியை எடுக்கும்போதே தடுமாற்றம் தெரியும், மைலேஜும் குறையும். 993 சிசி என்ஜினில் கீழ்ச்சுற்று இழுவை இருப்பதே கொஞ்சம், அதைக் குறைத்துக்கொள்ளாதீர்கள். காற்று உள்ளே போகும் இன்டேக் போர்ட்டைக் கண்ணாடி போல பளபளப்பாக்கித் தருகிறேன் என்றாலும் சம்மதிக்க வேண்டாம். லேசான சொரசொரப்பு இருந்தால்தான் படிகிற பெட்ரோல் மறுபடி காற்றோடு சேரும்.

இனி, நீங்கள் வாங்கிய ஹெட். அதுவும் ஏதோ ஒரு வண்டியிலிருந்து கழன்று வந்ததுதானே? அலுமினிய ஹெட் கடுமையாகச் சூடேறினால் வளையும், வால்வு வந்து உட்காரும் இரண்டு வால்வு சீட்டுகளுக்கு நடுவே விரிசல் விடும், உலோகமே மென்மையாகிப் போல்ட் இறுக்கம் நிற்காமல் போகும். நம் பக்கம் இன்னொரு தொல்லையும் உண்டு. வள்ளியூர், ராதாபுரம், திசையன்விளைப் பக்கம் உப்பான போர் தண்ணீரையே ரேடியேட்டரில் ஊற்றி ஓட்டிய வண்டிகள் நிறைய. அந்த ஹெட்டுகளில் தண்ணீர் ஓட்டைகளின் வாய் அரித்திருக்கும். அரிப்பு, ஹெட்டுக்கு அடியில் வரும் கேஸ்கெட்டின் இரும்பு வளையம் உட்காரும் இடம் வரை வந்திருந்தால் ஹெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

முதலில் லேத் பட்டறையில் பிரஷர் டெஸ்ட் (அழுத்தம் கொடுத்துக் கசிவு பார்ப்பது) செய்யச் சொல்லுங்கள். பிறகு நேர்கோல் வைத்துத் தளத்தைப் பார்க்க வேண்டும், 0.05 மில்லிமீட்டருக்கு மேல் வளைவு இருக்கக் கூடாது. இருந்தால் ஃபேஸிங் (தளத்தைச் சீவிச் சமமாக்குவது), அதுவும் தேவையான அளவு மட்டும். நிறைய எடுத்தால் கம்ப்ரெஷன் ஏறும், கேம் டைமிங் (வால்வு திறந்து மூடும் நேரம்) நகரும், வால்வுக்கும் பிஸ்டனுக்கும் உள்ள இடைவெளி குறையும்.

நீங்கள் தேடுகிற இழுவை உண்மையில் வால்வு வேலையில் இருக்கிறது. வால்வின் தண்டு ஓடும் கைடில் ஆட்டம் இருந்தால் முதலில் கைடு மாற்றி, அதற்கு அப்புறமே சீட் கட்டிங். வரிசை மாறினால் சீட் கைடுக்கு நேராக அமையாது. சீட் வெட்டி, வால்வைச் சீட்டோடு தேய்த்துப் பொருத்தும் லேப்பிங் செய்து, புது ஆயில் சீல் போட்டு, ஹெட்டைக் கவிழ்த்து வைத்து வால்வுகள் இருக்கும் ஒவ்வொரு குழியிலும் மண்ணெண்ணெய் ஊற்றுங்கள். கால் மணி நேரத்துக்குப் போர்ட் பக்கம் ஒரு சொட்டும் கசியக் கூடாது. தேய்ந்து கசிந்த வால்வோடு ஓடிய வண்டிக்கு இந்த வேலை எவ்வளவு உயிர் கொடுக்கும் என்பதை முதல் நாளே உணர்வீர்கள்.

ஆசைக்கு ஒன்று செய்யலாம். சீட்டுக்குக் கீழே வார்ப்பில் துருத்தி நிற்கும் விளிம்பை மட்டும் லேசாகத் தடவி எடுக்கச் சொல்லுங்கள். கைடைத் தாங்கும் மேட்டையும் போர்ட்டின் தரையையும் தொடவே கூடாது, சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் ஓடுகிறது.

கடைசியாக, உங்கள் பழைய ஹெட் ஏன் சூடேறியது? ரேடியேட்டர் அடைப்பா, தெர்மோஸ்டாட்டா, ஃபேன் சுவிட்சா, வாட்டர் பம்பா என்று கண்டுபிடித்துச் சரிசெய்த பிறகே இந்த ஹெட்டை மாட்டுங்கள். கூலன்ட்டோடு கலப்பதற்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டும் போதும்.