அப்பா இளைக்கிறார், வளர்ச்சி ஹார்மோன் ஊசி போடலாமா?

கேள்வி: சேலம் அம்மாப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். தறி ஓட்டிய அப்பாவுக்கு வயது 61. இரைப்பையில் புற்றுநோய், கல்லீரலுக்கும் பரவிவிட்டது. ஆறு மாதத்தில் 60 கிலோவிலிருந்து 51-க்கு வந்துவிட்டார். ரத்தப் பரிசோதனையில், வளர்ச்சி ஹார்மோன் தூண்டிச் சுரக்கும் ஐ.ஜி.எஃப்-1 என்ற பொருள் குறைவு. வளர்ச்சி ஹார்மோன் ஊசி போட்டால் சதை பிடிக்கும் என்கிறார் ஜிம் வைத்திருக்கும் மாமா. போடலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. மாமா அக்கறையில்தான் சொல்கிறார். ஆனால் அப்பாவிடம் குறைந்திருப்பது பெரும்பாலும் அந்த ஹார்மோன் அல்ல.

மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி வளர்ச்சி ஹார்மோனை விடுகிறது. அதைக் கேட்டுக் கல்லீரல் ஐ.ஜி.எஃப்-1 தயாரிக்கிறது. அது ரத்தத்தில் போதுமான அளவு சேர்ந்ததும் பிட்யூட்டரி அடங்கும். புற்றுநோய் முற்றி உடம்பு கரையும்போது, சாப்பாடு குறைவதாலும் நோய் கிளப்பும் அழற்சியாலும் கல்லீரல் அந்த ஆணையைக் கேட்பதில்லை. அதனால் ஹார்மோன் ஏறியே இருந்தாலும் ஐ.ஜி.எஃப்-1 இறங்கிக் கிடக்கும். காது அடைத்தவரிடம் இன்னும் உரக்கக் கத்துவதுபோலத்தான் ஊசி.

ஆபத்தும் உண்டு. ஐ.ஜி.எஃப்-1 செல்களைப் பெருகச் சொல்லும் பொருள். புற்று செல்லுக்கும் அதே சொல்தான். அதனால்தான் புற்றுநோய் இருப்பவருக்கு இந்த ஊசி கூடாது என்று மருந்துக் குறிப்பிலேயே இருக்கிறது. தீவிர சிகிச்சைப் பிரிவு நோயாளிகளுக்கு இதை அதிக அளவில் கொடுத்துப் பார்த்த ஐரோப்பிய ஆய்வுகளில் மரணம் கூடியது 1999-இல் வெளியானது.

சரி, என்ன செய்யலாம்? நம் ஊரில் நோயாளி என்றாலே ஜவ்வரிசிக் கஞ்சிதான். அதில் மாவுச்சத்து உண்டு, புரதம் இல்லையென்றே சொல்லலாம். அப்பா எடைக்கு நாளுக்கு 60 முதல் 75 கிராம் புரதம் தேவை. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம். முட்டை, மீன், கெட்டிப் பருப்பு, தயிர் என்று இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். மறுத்தால் வற்புறுத்தாதீர்கள். அது பிடிவாதம் இல்லை, நோய் பசியையே அணைத்துவிடுகிறது. குமட்டல், வாய்ப்புண், மலச்சிக்கல் இருந்தால் முதலில் அவற்றுக்கு மருந்து கேளுங்கள்.

பசிக்கு ஒலான்சபின் என்ற மாத்திரை பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள். புதுச்சேரி ஜிப்மரில், உங்கள் அப்பாவைப் போன்றவர்களுக்கு 2.5 மில்லிகிராம் தினமும் கொடுத்ததில் பசியும் எடையும் கூடின. 2023-இல் வெளியான ஆய்வு அது. தூக்கம் வரும், சர்க்கரையும் ஏறலாம். அதனால் மருந்துக் கடையில் நீங்களாக வாங்காதீர்கள்.

ஒருவேளை ஊசி ஒன்றிரண்டு போட்டாகிவிட்டதென்றால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அது உடம்பில் நீரைத் தேக்கும். தராசில் ஏறும் அந்த எடையைச் சதை என்று நினைத்து ஏமாந்துவிடக் கூடும்.